கேட்கும் உரிமை யாருக்கு? – சிம்பாங் ரெங்கம் வழிச் சென்ற நெடுஞ்சாலையும் 1988 ஆம் ஆண்டு நீதித்துறை நெருக்கடியும்

மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சாலை பிரியும் இடம் என்று பொருள். ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிற்குத் தெற்கே, முதலாம் எண் கூட்டரசுச் சாலையிலிருந்து ரெங்கம் என்னும் ரயிலடி ஊருக்கு வழி பிரியும் இடத்தில் அமைந்த ஊர் ஆதலின், அது சிம்பாங் ரெங்கம் எனப் பெயர் பெற்றது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் அன்னாசியும் விளையும் நிலம். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த தோட்டப்புறம் அது.

வெளியூரார் இச்சிற்றூரை இரண்டு காரணங்களால் அறிவர். ஊரை ஒட்டிச் செல்லும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஒன்று. விசாரணையின்றி ஆட்களை அடைத்து வைத்திருந்த தடுப்பு முகாம் மற்றொன்று. சாலைக்கும் முகாமுக்கும் தொடர்பு யாது என்று கேட்கத் தோன்றும். அத்தொடர்பை 1987, 1988 ஆம் ஆண்டுகளின் வரலாற்றில் காணலாம். பொருளாதாரம், அரசியல் ஒழுக்கம், நீதிபதிகளின் பதவி என்ற மூன்று விவாதங்கள் அந்நாளில் தனித்தனியே நடந்தன. மூன்றின் அடியிலும் கிடந்த கேள்வி ஒன்றே: ஆள்வோரைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு?

நெருக்கடியில் பிறந்த சாலை

1985 ஆம் ஆண்டில் மலேசியப் பொருளாதாரம் தளர்ந்தது. அவ்வாண்டு நாட்டின் மொத்த உற்பத்தி வளராததோடு, ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு விழுக்காடு குறையவும் செய்தது. அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டில் செம்பனை எண்ணெய் விலையும் விழுந்தது. தோட்டங்களை நம்பி வாழ்ந்த ஜொகூர் ஊர்களில் இதன் வேதனை சொல்லாமலே விளங்கும்.

தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலை அமைக்கும் பணியை, 1980 இல் நிறுவப்பட்ட மலேசிய நெடுஞ்சாலை வாரியம் முன்பே தொடங்கியிருந்தது. அதனை முடிக்க அரசிடம் பணம் இல்லை. பிரதமர் மகாதீர் 1983 இல் அறிவித்த தனியார்மயக் கொள்கையின்படி, எஞ்சிய சாலையைத் தனியார் கட்டுவது, கட்டியவர் பல ஆண்டுகள் கட்டணம் வசூலித்துக்கொள்வது என முடிவாயிற்று. 340 கோடி வெள்ளி மதிப்புடைய அக்குத்தகை யுனைடெட் எஞ்சினியர்ஸ் மலேசியா என்னும் நிறுவனத்திற்குக் கிடைத்தது.

இங்குதான் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. அந்நிறுவனத்தின் பங்குகளில் பெரும்பகுதி ஹத்திபுடி என்னும் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஹத்திபுடியோ ஆளுங்கட்சியாகிய அம்னோவின் சார்பாகச் சொத்து வைத்திருந்த நிறுவனம். கொடுக்கும் அரசும் அக்கட்சியினுடையது. வாங்கும் நிறுவனமும் அக்கட்சிக்கு உரியது. இத்தொடர்பு மறைக்கப்படவுமில்லை. கட்சியின் புதிய தலைமையகக் கட்டடத்திற்குப் பணம் வேண்டியிருந்தது என்பதைப் பிரதமரே 1987 ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொன்னார்.

அரசுத் தரப்பிலும் வாதம் உண்டு. வீழ்ச்சிக் காலத்தில் துணிந்து முதலிடத் தனியார் எளிதில் வாரார், சாலை வந்தால் வணிகம் பெருகும், வேலை கிடைக்கும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் முடிவை நீதிமன்றம் தடுத்தல் முறையன்று. இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும், ஒரு செயல் பயனுடையது என்பது, அது நேர்மையாகச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. அதனை ஆராய்ந்து பார்க்க ஒரு மன்றம் வேண்டும்.

வழக்கும் தீர்ப்பும்

ஜனநாயகச் செயல் கட்சியின் தலைவர் லிம் கிட் சியாங் 1987 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தார். அரசியல்வாதி, சாலையைப் பயன்படுத்துபவர், வரி செலுத்துபவர் ஆகிய மூன்று நிலைகளில் தமக்கு வழக்கிட உரிமை உண்டு என்றார். உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்திற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், அவருக்கு வழக்கிடும் தகுதியே உண்டா என்ற கேள்வி அதே மன்றத்தின் முன் வந்தது.

இக்கேள்விக்கு ஜொகூரிலிருந்தே ஒரு முன்னோடி விடை இருந்தது. ஜொகூரில் நிலம் கேட்டு விண்ணப்பித்த எளிய குடிமகன் ஒருவர், அந்நிலம் மந்திரி பெசார் ஒத்மான் சாட் முதலானோருக்குச் சென்றதை எதிர்த்து வழக்கிட்டார். அவருக்கு அத்தகுதி உண்டு என்று 1982 இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி யூசோப் அப்துல்காதர்.

ஆறு ஆண்டுகளில் கதவு குறுகிற்று. 1988 மார்ச் 15 அன்று, ஐவரில் மூவர், லிம் கிட் சியாங்கிற்கு வழக்கிடும் தகுதி இல்லை என்று தீர்த்தனர். பொது நலன் பற்றிய இத்தகைய வழக்கை அரசின் தலைமை வழக்கறிஞரே தொடர வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறு தீர்த்தவர்கள் நீதிமன்றத் தலைவர் சாலே அபாஸ், அப்துல் ஹமீட் ஓமார், ஹாஷிம் இயோப் சானி ஆகியோர். ஜார்ஜ் சியாவும் அப்துல்காதரும் மாறுபட்டனர். அரசுக்கே ஆலோசகராகிய தலைமை வழக்கறிஞர் அரசின் மீது வழக்கிட எங்ஙனம் முன்வருவார் என்பதே அவர்களுடைய ஐயத்தின் சாரம்.

ஒப்பந்தம் நேர்மையானதா, அன்றா என்ற கேள்விக்கு விடையே வரவில்லை. கேட்டவர் கேட்கத்தக்கவர் அல்லர் என்பதோடு வழக்கு முடிந்தது. வழக்கிட்ட லிம் அப்போது கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார். 1987 அக்டோபர் 27 அன்று தொடங்கிய 'லாலாங் நடவடிக்கை'யில் கைதான நூற்றுக்கு மேற்பட்டோரில் அவரும் ஒருவர். தீர்ப்புக்கு மூன்றாம் நாள், மார்ச் 18 இல், சாலை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

நீதிபதிகள் மீது விழுந்த இடி

நெடுஞ்சாலை வழக்கு நடந்த அதே காலத்தில் அம்னோவுக்குள்ளும் பிளவு. 1987 ஏப்ரல் 24 அன்று நடந்த கட்சித் தேர்தலில் மகாதீர் 761 வாக்கும், அவரை எதிர்த்த தெங்கு ரசாலி 718 வாக்கும் பெற்றனர். வேறுபாடு 43 வாக்குகளே. பதிவு பெறாத கிளைகளின் பேராளர்கள் வாக்களித்தனர் என்று தோற்ற அணியினர் நீதிமன்றம் சென்றனர். 1988 பிப்ரவரி 4 அன்று நீதிபதி ஹருண் ஹாஷிம், அக்கிளைகளின் காரணமாகக் கட்சியே சட்டத்திற்குப் புறம்பானது என்று தீர்த்தார். அதன் மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் கொண்ட முழு ஆயம் ஜூன் 13 அன்று விசாரிக்க வேண்டுமெனச் சாலே அபாஸ் நாள் குறித்தார்.

அந்த நாளுக்கு முன்பே பல நடந்துவிட்டன. மார்ச் மாதத்தில் நாடாளுமன்றம் அரசமைப்பின் 121 ஆம் விதியைத் திருத்தி, நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்ற சொற்களை நீக்கியது. பிரதமரின் தொடர்ந்த கண்டனங்களால் வருந்திய நீதிபதிகள் ஒன்றுகூடினர். அவர்கள் சார்பில் சாலே அபாஸ் மார்ச் 26 அன்று மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். அப்போது மாமன்னராக வீற்றிருந்தவர் ஜொகூர் சுல்தான் இஸ்கந்தர். மே இறுதியில் சாலே அபாஸ் பதவியினின்று இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அவரை விசாரிக்க அமைந்த ஆயத்திற்குத் தலைமை தாங்கியவர், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அப்துல் ஹமீட் ஓமார். சாலே நீங்கினால் அப்பதவி யாருக்குச் செல்லுமோ அவரே விசாரணைத் தலைவர்! இலங்கைத் தலைமை நீதிபதி பரிந்த ரணசிங்கவும் சிங்கப்பூர் நீதிபதி சின்னத்துரையும் அவ்வாயத்தில் இருந்தனர். ஆயத்தின் அறிக்கையை அனுப்பலாகாது என்று ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் தடை விதித்தனர். நான்கு நாட்களில் அவ்வைவரும் இடைநீக்கம் ஆயினர். ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். பின்னர் வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் நீக்கப்பட்டனர். அஸ்மி கமாருடின், அப்துல்காதர், வான் ஹம்சா ஆகிய மூவர் மீண்டும் அமர்த்தப்பட்டனர். தலைவர் பதவி அப்துல் ஹமீடுக்குச் சென்றது. அம்னோ மேல்முறையீட்டை ஒன்பதின்மருக்குப் பதிலாக ஐவர் விசாரித்து ஆகஸ்டில் தள்ளினர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மார்ச்சில் நெடுஞ்சாலை வழக்கில் அரசின் பக்கம் தீர்த்த சாலே அபாஸ் நீக்கப்பட்டார். அவருக்கு மாறாகத் தீர்த்த சியாவும் நீக்கப்பட்டார். ஒரே வழக்கில் எதிரெதிர் நின்ற இருவரும் ஒரே ஆண்டில் ஒரே கதிக்கு ஆளாயினர். நீதிபதிகள் கட்சி கட்டினர் என்ற பேச்சுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் அரசியலாரே.

ஜொகூர் வாக்காளர் தந்த விடை

இச்சச்சரவை மக்கள் முன் வைத்த முதல் களமும் ஜொகூரே. ஜொகூர் பாரு உறுப்பினர் ஷாரிர் சமாட், மகாதீரின் போக்கை எதிர்த்துப் பதவி விலகி, 1988 ஆகஸ்டு 25 இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றார். அக்டோபரில் பாரிட் ராஜா சட்டமன்ற இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி வென்றது. ஆயினும் வேறுபாடு நானூறு வாக்குகளை ஒட்டியதே. ஒரே மாநிலத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு விடைகள்! நகரத்தார் ஒரு வழியும் கிராமத்தார் ஒரு வழியும் நோக்கினர். நாட்டின் மனம் இரண்டுபட்டிருந்ததை இத்தேர்தல்கள் காட்டின.

முகாமின் கம்பிக்குள்

நீதிபதிகளின் பதவிச் சண்டை மேலிடத்துச் செய்தி என்று தோட்டத்து மனிதர் எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணம் தவறு என்பதைச் சிம்பாங் ரெங்கம் முகாம் காட்டிற்று.

1969 மேக் கலவரத்தை அடுத்து அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்கீழ்ப் பிறந்தது பொது ஒழுங்கு, குற்றத் தடுப்பு அவசரச் சட்டம். குண்டர் செயல் முதலிய ஐயத்தின் பேரில் ஒருவரைப் போலீசார் 60 நாள் வைத்திருக்கலாம். பின்னர் உள்துறை அமைச்சர் ஆணையிட்டால் ஈராண்டு அடைத்து வைக்கலாம். அவ்வாணையைப் புதுப்பிக்கவும் செய்யலாம். குற்றச்சாட்டும் சாட்சியும் தீர்ப்பும் வேண்டுவதில்லை. அவ்வாறு பிடிபட்டோர் பலர் சிம்பாங் ரெங்கத்தில் அடைக்கப்பட்டனர். ஏழை இளைஞர்கள் அங்கு மிகுதி. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் பலர்.

அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே வாயில் ஆட்கொணர்வு மனு. அதிலும் அமைச்சரின் ஆணைக்குப் போதிய காரணம் உண்டா என்று நீதிமன்றம் முழுமையாகத் துருவாது. முறை தவறினால் மட்டுமே விடுதலை கிட்டும். முறை தவறினாலும் விடுதலை நிலைக்கும் என்பதில்லை. 1988 மார்ச் 9 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் விடுவித்த கர்ப்பால் சிங் அன்றே மீண்டும் கைதானார். 1989 இல் சட்டங்கள் திருத்தப்பட்டன. நடைமுறை தவறியதா என்பது தவிர, தடுப்பாணை பற்றி வேறெதையும் நீதிமன்றம் ஆராயலாகாது என்று எழுதப்பட்டது. இத்தடை அவசரச் சட்டத்திலும் சேர்ந்தது.

நெடுஞ்சாலையைப் பற்றிக் கேட்க எதிர்க்கட்சித் தலைவருக்கே உரிமை இல்லையென்றான நாட்டில், மகன் ஏன் அடைபட்டான் என்று தோட்டத்துத் தாய் கேட்டால் யார் செவிசாய்ப்பர்? 2011 இறுதியில் நெருக்கடி நிலை அறிவிப்புகளை நாடாளுமன்றம் நீக்கிய பின்னரே, 2012 இல் அச்சட்டம் காலாவதியாயிற்று.

சாலையின் பின்கதை

1994 செப்டம்பரில் நெடுஞ்சாலை முறையாகத் திறக்கப்பட்டது. சிம்பாங் ரெங்கத்திற்கும் வெளிவழி அமைந்தது. பயணம் சுருங்கிற்று, விபத்து மிகுந்த பழைய சாலையின் நெரிசல் தணிந்தது. அந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. எனினும், 1997 நிதி நெருக்கடியில் யுனைடெட் எஞ்சினியர்ஸ் தன் தாய் நிறுவனமாகிய ரெனோங்கின் பங்குகளை ஏறத்தாழ 234 கோடி வெள்ளிக்கு வாங்கியது சந்தையை உலுக்கிற்று. 2001 இல் அரசின் கசானா நிறுவனம் யுனைடெட் எஞ்சினியர்ஸை ஏற்க நேர்ந்தது. 30 ஆண்டு என்று தொடங்கிய கட்டண உரிமையும் பல முறை நீட்டிக்கப்பட்டது. 1987 இல் நீதிமன்றம் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை, பின்னர்ச் சந்தை கேட்டது. அதன் செலவைப் பொதுமக்கள் தாங்கினர்.

அணி மாறியோர்

காலம் அணிகளைக் கலைத்தது. தெங்கு ரசாலி 1996 இல் அம்னோவுக்குத் திரும்பினார். சாலே அபாஸ் 1999 இல் பாஸ் கட்சி சார்பில் திரெங்கானு சட்டமன்றம் புகுந்தார். 2008 இல் அரசு, நீக்கப்பட்ட நீதிபதிகளுக்குக் கருணைத்தொகை வழங்கியது. 2009 இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் வந்தது. எனினும் பெயரை மாமன்னருக்குப் பரிந்துரைப்பவர் பிரதமரே. 2018 இல் மகாதீரும் லிம் கிட் சியாங்கும் ஒரே கூட்டணியில் நின்றனர். சிம்பாங் ரெங்கம் வாக்காளர் மகாதீர் கட்சியின் மஸ்லி மாலிக்கைத் தேர்ந்தெடுத்தனர். 2022 இல் அம்னோவின் ஹஸ்னி முகம்மட்டைத் தேர்ந்தெடுத்தனர். 2025 இல் தலைமை நீதிபதி தெங்கு மைமுன் ஓய்வு பெற்றபோது, அடுத்தவர் யார் என்ற விவாதம் மீண்டும் மூண்டது. முன்னாளில் அம்னோவில் துணையமைச்சராக இருந்த வான் அகமட் பாரிட் அப்பதவிக்கு வந்தார்.

நேற்று நீதிபதியைக் குறை கூறியோர் இன்று போற்றுவர். நேற்றுப் போற்றியோர் இன்று ஐயுறுவர். நாற்காலி மாறினால் நாவும் மாறுகின்றது. ஆதலின், ஒரு நியமனம் நம் அணிக்கு உகந்ததா என்று கேட்பதில் பயனில்லை. அந்நீதிபதியின் முன், ஆள்வோரை எதிர்த்து எளியவர் ஒருவர் நிற்க இயலுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சுங்கச் சாவடியில் வெள்ளி செலுத்துபவருக்கும், முகாம் வாயிலில் காத்து நின்ற தாய்க்கும், அக்கேள்வியின் விடை ஒன்றுதான்.