ஒரு பூசணமும் ஒன்பதே முக்கால் லட்சம் பேரும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காக்கைக்கும் பழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, அவ்வளவுதான். வடமொழியில் இதைக் காகதாலீய நியாயம் என்பர். வள்ளுவர் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் பாடினார். 'ஆள்வினையுடைமை' என்று வேறோர் அதிகாரமும் பாடினார். தானாக நேர்வது எது, மனிதன் செய்வது எது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. ஊர் விட்டு வந்து வாழ்கிற நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது, சித்தப்பா ஏற்கெனவே இங்கே வேலையில் இருந்தார், மாற்றல் உத்தரவு வந்தது என்று இப்படித்தானே நம்மில் பலர் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தோம்!

தற்செயல் ஒன்று நம் இனத்தாரில் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட வரலாறு ஒன்று உண்டு. அது இலங்கை மலைநாட்டில் நடந்தது.

இன்று இலங்கை என்றால் தேயிலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது காபி நாடு. ஆங்கிலேயத் துரைமார்கள் கண்டி மலைக்காடுகளை வெட்டித் தள்ளி, மலை மலையாகக் காபி நட்டார்கள். 1870-களின் இறுதியில் காபிப் பரப்பு சுமார் 2,75,000 ஏக்கரை எட்டியது. வேலைக்கு ஆள் நம் பக்கத்திலிருந்து போனது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதி மக்கள் கங்காணியின் பின்னால் கிளம்பினார்கள். கடலைப் படகில் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ஆனாலும் காபி என்பது பருவ வேலை. பழம் பறிக்கும் சில மாதங்கள் முடிந்தால், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

சரி, தற்செயல் எங்கே வந்தது என்கிறீர்களா? 1869-ல் வந்தது. காபி இலையின் அடிப்புறத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பொடி படிந்திருப்பதைத் தோட்டக்காரர்கள் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூசணவியல் அறிஞர் பெர்க்லி அது ஒரு புதிய பூசணம் என்று கண்டு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். துரைமார்கள் அந்த இலத்தீன் பெயரைத் திரித்து 'நாசகார எமிலி' என்று கேலி பேசினார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1884-ல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1880-களின் முடிவில் இலங்கையில் காபித் தொழில் என்று சொல்லத்தக்கதாக எதுவும் மிஞ்சவில்லை.

1880-ல் இந்த நோயை ஆராய மார்ஷல் வார்டு என்ற இளம் அறிவியலர் அனுப்பப்பட்டார். பூசணத்தின் நுண்வித்துகள் காற்றில் பறந்து வந்து, ஈர இலையில் முளைத்து, இலைக்குள் நுழைகின்றன என்பதை அவர் நிறுவினார். இன்னொன்றையும் அவர் எடுத்துக் காட்டினார். இடையில் தடுக்க ஒரு காடு கூட இல்லாமல், ஒரே பயிரை மலை முழுவதும் நட்டு வைத்ததுதான் நோய் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் என்றார். வித்து வந்து விழுந்தது தற்செயல். அதற்கு இலை போட்டு விருந்து வைத்தது மனிதர்கள்.

இதே பூசணம் அதே காலத்தில் மைசூருக்கும் குடகுக்கும் வந்தது. அங்கேயும் சேதம் உண்டு. ஆனால் காபி அழிந்து போகவில்லை. நிழல் மரங்களுக்கு நடுவே பயிரிட்டது ஓரளவு கைகொடுத்தது. 1911-ல் கென்ட் என்ற தோட்டக்காரர், நோயைத் தாங்கி நின்ற ஒரு செடியைத் தற்செயலாகக் கவனித்து, அதன் விதையைப் பெருக்கினார். பின்னால் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் அந்தக் 'கென்ட்ஸ்' வகையைக் கலப்புக்குப் பயன்படுத்தி எஸ்.795 என்ற வகையை உருவாக்கியது. நம்ம வீட்டு ஃபில்டர் காபிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

இலங்கையில் காபியின் இடத்துக்குத் தேயிலை வந்ததும் ஒரு தற்செயல்தான். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நோய் தலைகாட்டுவதற்கு 2 ஆண்டுகள் முன்பே, 1867-ல் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காபி வீழ்ந்தபோது துரைமார்கள் முதலில் சிங்கோனாவை நாடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் கொயினா விலை சரிந்தது. பிறகுதான் தேயிலைக்கு வந்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலைப் பரப்பு 3,00,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது. (இலங்கைக் காபி அழிந்ததால்தான் இங்கிலாந்து தேநீருக்கு மாறியது என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல, ஆங்கிலேயர் அதற்கு வெகு காலம் முன்பே தேநீருக்கு அடிமை.)

இங்கேதான் நம் மக்களின் தலைவிதி மாறியது. தேயிலைக் கொழுந்தை வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். பருவ ஆள் போதாது. குடும்பத்தோடு தங்கும் ஆள் வேண்டும், குறிப்பாகப் பெண்கள் வேண்டும். அந்தச் சமயத்தில்தான் இங்கே 1876-78 தாது வருஷப் பஞ்சம். பருவமழை பொய்த்ததற்குப் பசிபிக் பெருங்கடல் சூடேறிய எல் நினோ ஒரு முக்கியக் காரணம் என்று இன்று தெரிகிறது. ஆனால் மக்கள் பசியில் சுருண்டபோதும் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியதே, அது எல் நினோ செய்த வேலையா? போய் வந்துகொண்டிருந்தவர்கள் லயங்களில் குடியேறினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 30-10-1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தோட்டத்து மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22-23 இரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அரை நூற்றாண்டாக இவர்கள் போய் வந்த துறைமுகம் அது. பின்னர் திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். நீலகிரியில் 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தில் புனலூரிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களிலும் பலர் குடியமர்த்தப்பட்டார்கள். நிக்கோபாரின் கச்சால் தீவு வரை கூடச் சிலர் அனுப்பப்பட்டார்கள். 26-12-2004 ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளில் அதுவும் ஒன்று. இலங்கையில் தங்கிவிட்டவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர, 2003-ல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு 'எல்லாம் விதி' என்று பெருமூச்சு விடுவது எளிது. ஆனால் பூசணம், எல் நினோ, புயல் ஆகிய மூன்றையும் ஒரு பக்கம் வையுங்கள். ஒற்றைப் பயிர், தானிய ஏற்றுமதி, 1948-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்காமல் போட்ட ஒப்பந்தம் ஆகியவற்றை மறுபக்கம் வையுங்கள். முன்னவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. பின்னவற்றை எடுத்த முடிவுகள் எல்லாம் பெயரும் தேதியுமாகப் பதிவாகி இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஊழ் என்று சொல்லிவிட்டால், நியாயம் கேட்க ஆளே இல்லாமல் போய்விடும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் கூடக் கண்டியையும் பதுளையையும் சொந்த ஊராகச் சொல்லும் பெரியவர்கள் இருக்கலாம். மற்ற வீடுகளிலும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதை ஒன்று இருக்கும். பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு எழுதி வைக்கட்டும். எழுதும்போது, தானாக நேர்ந்தது எது, யார் எடுத்த முடிவு எது என்று பிரித்து எழுதட்டும். வரலாறு என்று நாம் சொல்வது அதைத்தான்.