நெகட்டிவ் தொலைந்த பிறகு: நாஞ்சில் நாட்டுப் புகைப்படங்களும் பதிப்புரிமையும்

சித்ரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் கேமரா முக்காலிகள் வரிசைகட்டி நிற்கும். மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா எழும் சில நிமிடங்கள். மேகம் மறைத்தால் அடுத்த ஆண்டுதான். அப்படிக் காத்திருந்து எடுத்த படம் இணையத்தில் ஏறியதும் யாரோ இறக்கிக்கொள்கிறார்கள். மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டு மேலே வாழ்த்து வாசகம் எழுதுகிறார்கள். ஒரு வாரத்தில் அது ஏதோ ஒரு விடுதியின் விளம்பரமாக எடுத்தவரின் கைபேசிக்கே வந்து சேர்கிறது.

படத் திருட்டு பழையது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் புகைப்படக்காரர் நெப்போலியன் சரோனி எடுத்த படத்தை ஓர் அச்சகம் 85,000 பிரதிகள் அடித்தது. அதன் மீது எழுந்த வழக்கில், புகைப்படமும் படைப்பே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884-இல் தீர்ப்பளித்தது. ஆனால் படம் யாருடையது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? இந்தியச் சட்டம் இதற்குச் சொன்ன விடை காலந்தோறும் மாறியிருக்கிறது.

பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி வந்த 1914-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நெகட்டிவ் உருவானபோது அது யார் உடைமையோ அவரையே படைப்பாளியாகக் கொண்டது. உரிமைக் காலம் 50 ஆண்டு. அதையும் நெகட்டிவ் உருவான நாளிலிருந்தே கணக்கிட்டது. கேமராவுக்குப் பின்னால் நின்றவரைவிடக் கண்ணாடித் தகடே சட்டத்தின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த அரசின் புகைப்படக்காரர் சக்கரியா டி குரூஸ் 1900-இல் உருவாக்கிய தென்னிந்தியக் காட்சிகளின் ஆல்பம், வைஸ்ராய் கர்சன் பிரபுவின் சேகரிப்பின் பகுதியாகப் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் படங்களின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று யாரும் எடுத்தாளலாம். அதற்காக அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்டு 1958 ஜனவரி 21-இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் 'படம் எடுப்பவரே படைப்பாளி' என்று எழுதியது. பெரிய மாற்றம் இது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் யாருடையது என்ற கேள்வி, பழைய சட்டத்தின் காலத்தில் ஒரு வழக்கில் எழுந்தது. பாரதியின் உருவப்படத்தால் அறியப்பட்ட ஓவியர் ஆர்யா என்ற கே. பாஷ்யம், புகைப்படங்களை ஆதாரமாகக் கொண்டு காந்தியின் உருவத்தை வரைந்தார். அதை நகலெடுத்து வெளியிட்ட பதிப்பகத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் அவர் உரிமையை உறுதி செய்தது; 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது.

எனினும் 1957 சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்தது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி பெற்று எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண வீட்டுப் படமெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பல ஸ்டூடியோக்காரர்களுக்கே இது தெரியாது. ஃபிலிம் காலத்தில் அது உறைக்கவுமில்லை. நெகட்டிவ் ஸ்டூடியோவின் அலமாரியில் இருந்தது. இன்னொரு பிரதி வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். சட்டம் தராத பிடியை நெகட்டிவ் தந்தது.

டிஜிட்டல் கேமரா அந்தப் பிடியைப் பறித்தது. முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் வேறுபாடு இல்லை. கோப்புக்குள் பதிந்திருக்கும் பெயரும் தேதியும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போதே உதிர்ந்துவிடுகின்றன. அதே சட்டத்தின் 2012 திருத்தம் புகைப்படக்காரருக்கு ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை தந்து, எழுத்தாளருக்கு நிகராக உட்கார வைத்தது. உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதையும் 65பி பிரிவு குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறை. ஆக, சட்டம் எடுத்தவரை முழுமையாக ஏற்றுக்கொண்ட காலமும் படத்திலிருந்து அவர் பெயர் எளிதில் கழன்றுபோன காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

"வள்ளுவர் சிலை எல்லோருக்கும் பொது, படத்துக்கு என்ன உரிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தைப் படமெடுக்க 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கன்னியாகுமரியில் 2000-இல் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை யாரும் எடுக்கலாம். அப்படி ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் தூக்கிக்கொண்டு போக அந்தப் பிரிவு இடம் தரவில்லை.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. செய்துகொண்டால் சான்றாகும், ஒரு படத்துக்கு 500 ரூபாய். எழுத்தில் புகார் தந்தால் இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிட்டால் அது மீண்டும் வரலாம். வழக்கைத் தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம்; நாகர்கோவில்காரர் நாகர்கோவிலிலேயே. அங்கே காட்டுவதற்குக் கையில் இருக்க வேண்டியது கேமரா பதிந்தபடியே மாற்றமின்றி வைத்திருக்கும் மூலக் கோப்பு, அதாவது ரா (RAW) கோப்பு. இன்றைய நெகட்டிவ் அதுதான். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள்.