சீடர் தீவுகள் – 9: முன்வரிசைக்கு வந்த பெரியவர்கள்

சென்ற வாரம் உங்களை வான்கூவர் நகரத்து நீதிமன்றத்தில் விட்டுவிட்டு வந்தேன். 1985 நவம்பர். கனடாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த லையல் தீவில் மரம் வெட்டுவதை, அங்கே பூர்வகுடிகளான ஹைடா மக்கள் மறிக்கக் கூடாது என்று வெஸ்டர்ன் ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தடையாணை கேட்டிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஹாரி மக்கே விசாரிக்கிறார். கம்பெனிக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் ஒரு வக்கீல்கூட இல்லை. எங்கள் வழக்கை நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று ஹைடாக்கள் சொல்லிவிட்டார்கள்.

சிவப்பும் கறுப்புமாக, பொத்தான்களால் குலச்சின்னம் தைத்த போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் வந்தார்கள். ஒருவர் பாடினார், இன்னொருவர் தன் தாத்தா சொன்ன கதையைச் சொன்னார். குவாகனாட் என்கிற டயான் பிரவுன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். வசந்தம் வந்தால் ஹெரிங் மீன் கடற்பாசியின் மேல் முட்டையிடும். முட்டை ஒட்டிய அந்தப் பாசிக்காகத் தன் உடம்பே ஏங்க ஆரம்பித்துவிடும் என்றார். நிலத்தையும் கடலையும் தன்னிடமிருந்து பிரித்துப் பார்க்கத் தனக்குத் தெரியாது என்பதை நீதிபதிக்குப் புரியவைக்க அவருக்குக் கிடைத்த வழி அது. சட்டப் புத்தகத்தில் இதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. ஆனாலும் மக்கே குறுக்கிடாமல் கேட்டார்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். வருகிறேன். அதற்கு முன், மரவெட்டிகளின் பக்கத்தை நான் சொல்லியாக வேண்டும். இந்தப் போராட்டத்தை எழுதியவர்களில் பலர் அவர்களை வெறும் ரம்பமாகவே காட்டிவிட்டார்கள். அது நியாயமில்லை.

* * *

ஹைடா குவாய் என்பது கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹெகேட் நீரிணை தாண்டிக் கிடக்கும் தீவுக்கூட்டம். அப்போது அரசு ஆவணங்களில் அதன் பெயர் குயின் சார்லட் தீவுகள். வெளியுலகம் அந்தத் தீவுகளின் காட்டை வெறியோடு தேடி வந்தது முதல் உலகப் போரின்போதுதான். அன்றைய விமானம் மரச்சட்டத்தில் துணி போர்த்தியது. எடை குறைவாகவும் வலு அதிகமாகவும் உள்ள மரம் வேண்டும். சிட்கா ஸ்ப்ரூஸ் அப்படிப்பட்டது. 1917, 1918-ல் இந்தத் தீவுகளின் கரையோரம் முகாம்கள் முளைத்தன. இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் அதே தேவை. பிரிட்டனின் மாஸ்கிட்டோ விமானம் முக்கியமாக மரத்தால் ஆனது. அதற்கான ஸ்ப்ரூஸை வெட்ட கனடா அரசே ஏரோ டிம்பர் என்று ஒரு கம்பெனியை நடத்தியது.

முகாம்களில் பல, கரையில் இல்லை. தண்ணீரில் இருந்தன. பெரும் மரங்களை இரும்புக் கயிற்றால் பிணைத்துத் தெப்பமாக்கி, அதன் மேல் வீடு கட்டினார்கள். சமையல்கூடம், ஆண்கள் தங்கும் கொட்டகை, பட்டறை, குடும்பங்களுக்குத் தனி வீடுகள் எல்லாம் மிதந்தன. ஒரு கழிமுகத்தில் மரம் தீர்ந்தால் இழுவைப் படகு வரும். ஊர் மொத்தத்தையும் அப்படியே அடுத்த கழிமுகத்துக்கு இழுத்துச் செல்லும். வாசலில் இறங்கினால் கடல் என்பதால் மிதவைச் சட்டை போடாமல் குழந்தைகளை வெளியே விடமாட்டார்கள்.

வேலை எப்படி நடந்தது தெரியுமா? இரண்டு நெடுமரங்களை உச்சியில் சேர்த்துக் கட்டித் தெப்பத்தில் நிறுத்துவார்கள். அதிலிருந்து இரும்புக் கயிறு மலைச்சரிவுக்கு ஏறும். மேலே வெட்டிப்போட்ட மரத்துக்குச் சுருக்குப் போட்டதும் விசில் ஊதும், கீழே இயந்திரம் இழுக்கும். டன் கணக்கான மரம் சரிவை உழுதுகொண்டு நேராகக் கடலில் வந்து விழும். சுருக்கு மாட்டுகிறவன் விசிலுக்கு முன் விலகி ஓடியிருக்க வேண்டும். மழை நாளில், பாசி படிந்த மரத்தின் மேல், ஆணி அடித்த பூட்ஸோடு ஓட வேண்டும். அங்கே மழை இல்லாத நாள் குறைவு. கயிறு அறுந்தும், உச்சியில் தொங்கிய கிளை விழுந்தும் செத்தவர்கள் உண்டு. கைநிறையச் சம்பளம், வயிறு கொள்ளாத சாப்பாடு என்ற இரண்டும் அந்த ஆபத்துக்கான விலை.

வெட்டிய மரத்தைக் கடல் கடத்துவது இன்னொரு பெரிய வித்தை. ஹெகேட் நீரிணை ஆழம் குறைந்தது, காற்று எழுந்தால் அலை செங்குத்தாக நிற்கும். சாதாரணத் தெப்பம் சிதறிப்போகும். அதனால் மரங்களைப் பாய் முடைவது போலக் கயிறு கோத்து, அடுக்கடுக்காகக் குவித்து, பாதிக்கு மேல் தண்ணீருக்குள் அமிழ்ந்த பெரும் பொதியாகக் கட்டினார்கள். டேவிஸ் தெப்பம் என்று அதற்குப் பெயர். பிற்காலத்தில் ராட்சத மரக்கப்பல்கள் வந்தன. தாமே பாரந்தூக்கியால் மரத்தை ஏற்றிக்கொள்ளும், போய்ச் சேர்ந்ததும் ஒருபக்கம் சாய்ந்து மொத்தச் சுமையையும் கடலில் கொட்டும். மக்மில்லன் பிளோடெல் என்ற பெரிய கம்பெனியின் அப்படிப்பட்ட கப்பல் ஒன்றுக்கு ‘ஹைடா மோனார்க்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கப்பல்கள் எங்கே போயின என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம். தெற்கே போயின. வெட்டிய மரத்தின் பெரும்பகுதி தீவில் அறுபடவே இல்லை, முழுக்கட்டையாகவே தெற்கே உள்ள ஆலைகளுக்குப் போயிற்று. ஆலை வேலையும் லாபமும் அங்கே தங்கின. எத்தனை ஏக்கர் வெட்டுவது, எந்த மலையில் வெட்டுவது என்ற முடிவும் அங்கேதான். தீவில் சாண்ட்ஸ்பிட் ஊரில் வீடு வாங்கிக் குடும்பம் நடத்திய மரவெட்டிக்கும், கழிமுகத்தின் எதிர்க்கரையில் ஸ்கிடகேட்டில் பிறந்த ஹைடா மீனவருக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஹைடாக்களிலும் மரவெட்டிகள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கோடையில் மீன்பிடி, மற்ற மாதங்களில் கூப்பு வேலை என்று வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். 1862-ல் விக்டோரியா நகரில் பரவிய பெரியம்மை இந்தத் தீவுகளுக்கும் வந்து ஊர் ஊராகச் சாய்த்தது. பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ அறுநூறு பேராகிவிட்டார்கள். எஞ்சியவர்கள் ஸ்கிடகேட், மாசெட் என்ற இரண்டு ஊர்களில் ஒதுங்கினார்கள். தெற்கே இருந்த ஊர்கள் காலியாயின. அங்கே நடப்பட்ட குலமரத்தூண்கள் மட்டும் மழையில் நின்றன.

கம்பெனி வரைபடத்தில் அந்தத் தெற்குப் பகுதி யாருமற்ற காடு. காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் பட்டை உரித்த தழும்போடு சீடர் மரங்கள் உயிரோடு நின்றன. சிலவற்றின் அடியில் சதுரமாக ஒரு துளை இருக்கும். உள்ளே மரம் கெட்டிதானா என்று பார்க்க, படகு செதுக்கும் ஆசாரி வெட்டிப் பார்த்த இடம் அது. பாதி செதுக்கிய படகே பாசி மூடிக் கிடக்கும். அதைச் செய்தவரைப் பெரியம்மை கொண்டுபோயிருக்கலாம். ரம்பத்தோடு போன ஹைடா இளைஞர்கள் இவற்றைக் கண்ணால் பார்த்தார்கள்.

* * *

1974-ல் ரேயோனியர் கம்பெனி, தெற்கே பர்னபி தீவில் வெட்டப் போவதாகத் திட்டம் வைத்தது. ஸ்கிடகேட் ஊர் எதிர்த்தது. அதே ஆண்டு குஜாவ் என்ற ஹைடா இளைஞரும், வெளியூரிலிருந்து வந்திருந்த தாம் ஹென்லியும் ஒரு வரைபடத்தை விரித்து, மோர்ஸ்பி தீவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே ஒரு மரமும் வெட்டக் கூடாது. ஹைடா தேசத்தின் மன்றம் உருவானதும் அதே ஆண்டில்தான்.

பர்னபி தப்பியது. கம்பெனி இயந்திரங்களைப் பக்கத்து லையல் தீவுக்குத் திருப்பியது. அதுவும் கோட்டுக்குத் தெற்கேதான். வெட்டும் ஒப்பந்தம் ஃப்ராங்க் பெபன் என்பவரிடம் இருந்தது. அவருடைய ஆட்கள் அந்தத் தீவிலேயே முகாம் போட்டுத் தங்கினார்கள்.

அடுத்த பதினொரு ஆண்டுகள் மனு, குழு, அறிக்கை, மறுபடி மனு என்று போயின. 1978 இலையுதிர்காலப் பெருமழையில், இதே தீவுகளில் உள்ள ரென்னல் சவுண்ட் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட மண்சரிவுகள் நடந்தன. வேர் பிடித்து வைத்திருந்த சரிவு, மரம் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்தார்கள். சால்மன் முட்டையிடும் ஓடைக் கற்களைச் சேறு மூடினால் முட்டைக்கு மூச்சு இல்லை. அதன் பிறகும் 1979-ல் அந்தத் தெற்குக் காட்டின் உரிமத்தை மாகாண அரசு 25 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது. ஹைடாக்கள் வழக்குப் போட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. 1980-ல் ரேயோனியரின் இடத்துக்கு வெஸ்டர்ன் ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் வந்தது. கம்பெனி பெயர் மாறியது, ரம்பம் நிற்கவில்லை.

இதைப் பொறுமை என்று சொன்னால் போதாது. பதினொரு ஆண்டுகள் ஒரு சமூகம் அரசின் ஒவ்வொரு கதவையும் முறைப்படி தட்டியிருக்கிறது. 1985-ல் லையல் தீவில் மேலும் வெட்ட அனுமதி வந்தபோது தட்டுவதற்குக் கதவு மிச்சமில்லை. ஹைடாக்கள் அந்தத் தெற்குப் பகுதி முழுவதையும் தங்கள் பாரம்பரிய நிலமாகத் தாங்களே அறிவித்தார்கள். அக்டோபர் கடைசியில் படகுகள் லையல் தீவின் செட்ஜ்விக் விரிகுடாவுக்குப் புறப்பட்டன. கரையில் குடிலும் சமையலறையும் எழுப்பினார்கள். மரவண்டிச் சாலையின் குறுக்கே போய் நின்றார்கள்.

எதிரே வந்தவர்கள் அந்நியர்கள் அல்லர். சில ஆயிரம் பேரே வாழும் தீவுக்கூட்டம் அது. கடையில், மீன்பிடித் துறையில், பிள்ளைகளின் பள்ளியில் பார்த்த முகங்கள். ஒருவருக்கு அன்றைய கூலி போகிறது, இன்னொருவருக்கு மூதாதையர் காடு போகிறது. இந்த இரண்டு இழப்பும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். மரவெட்டிக்கு வேறு காடு உண்டு, ஹைடாவுக்கு வேறு ஹைடா குவாய் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள் அங்கே வரவே இல்லை.

* * *

இப்போது தீர்ப்பு. மக்கே தடையாணை கொடுத்தார். இனி சாலையில் நிற்பவர் எவரும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி, சிறை உண்டு.

இளைஞர்கள் சிறைக்குத் தயாராகத்தான் இருந்தார்கள். முகத்தில் சாயம் பூசி, பறை எடுத்து நிற்பது என்று ஏற்பாடு. அப்போது எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெரியவர்கள் வந்து, முன்வரிசை எங்களுக்கு என்றார்கள். எதெல் ஜோன்ஸ், ஏடா யொவனோவிச் என்ற இரண்டு பாட்டிகளும் வாட்சன் பிரைஸ் என்ற தாத்தாவும் அவர்களில் இருந்தார்கள். ஹைடா மன்றத்தின் தலைவர் மைல்ஸ் ரிச்சர்ட்சனும் மற்ற இளையவர்களும் தயங்கினார்கள். ஆசி கொடுத்தால் போதும், கைதாக வேண்டாம் என்பது அவர்கள் மனது. பெரியவர்கள் கேட்கவில்லை.

அவர்கள் கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய சின்ன வயதில், குலத்தின் பெயரும் உரிமையும் கைமாறும் பாட்லாட்ச் விருந்து கனடா சட்டப்படி குற்றம். 1885-ல் வந்த அந்தத் தடை 1951 வரை சட்டத்தில் இருந்தது. சட்டம் சொன்னதற்காகத் தங்கள் பெற்றோர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். இந்த முறை விடுவதாக இல்லை.

ஹெலிகாப்டரில் அவர்களைச் செட்ஜ்விக் விரிகுடாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1985 நவம்பர் 16. போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் சாலையில் அமர்ந்தார்கள். பின்னால் இளைஞர்களின் பாட்டு. செய்தியாளர்களின் கேமராக்கள் ஓடத் தொடங்கின. பெபனின் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கி, வழி விடும்படி கேட்டார்கள். எவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கனடாவின் ஆர்.சி.எம்.பி. காவலர்கள் முன்னால் வந்தார்கள்.

அந்தக் காவலர்களில் ஒருவர் பெயர் ஆலன் வில்சன். பாட்டிகளைக் கைது செய்யும் வேலை அவரிடம் வந்தது. அவரும் ஒரு ஹைடா. எதெல் பாட்டியின் எதிரே போய் நின்ற அவர் என்ன செய்தார், கனடா முழுவதும் அன்றிரவு தொலைக்காட்சியில் என்ன பார்த்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)