பாதி ஆண்டில் வீடு மாறினால்: இந்தியானாவும் பென்சில்வேனியாவும்

அமெரிக்காவின் சில மாநிலங்களில், மத்திய வரியும் மாநில வரியும் போக, கவுன்டியோ நகரமோ விதிக்கும் வருமான வரி ஒன்றும் உண்டு. ஆண்டின் நடுவில் வீடு மாறுகிறவரை இந்தியானாவும் பென்சில்வேனியாவும் நடத்தும் விதம் நேரெதிரானது.

இந்தியானாவில் கேள்வி ஒன்றுதான்: ஜனவரி 1 அன்று எந்தக் கவுன்டியில் குடியிருந்தீர்கள்? அந்தக் கவுன்டியின் விகிதமே ஆண்டு முழுவதற்கும். மார்ச்சில் இண்டியானாபொலிஸை விட்டுக் கார்மலுக்குப் போனவர், புது முகவரியைப் பார்த்து ஹாமில்டன் கவுன்டியின் எண்ணான 29-ஐ எழுதிவிடுவார். எழுத வேண்டியது பழைய வீடு இருந்த மேரியன் கவுன்டியின் 49. 2024 விகிதப்படி மேரியனில் 2.02 சதவீதம், ஹாமில்டனில் 1.1. வரிக்குரிய வருமானம் 60,000 டாலர் என்றால் 552 டாலர் குறைவாகக் கட்டியிருப்பார். கவுன்டி வரி மாநிலப் படிவத்தோடு சேர்ந்தே போவதால் ஒரே திருத்தப் படிவத்தில் வேலை முடிந்துவிடும்.

பென்சில்வேனியாவில் குடியிருந்த காலத்துக்கு ஏற்ப வரியைப் பிரிக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் நகரத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் சேர்த்து 3 சதவீதம். பல டவுன்ஷிப்புகளில் 1 சதவீதம். 60,000 டாலர் சம்பளக்காரர் ஜூலை 1 அன்று அப்படியொரு டவுன்ஷிப்புக்குக் குடிபோனால், சம்பளம் சீராக வந்த வரையில், பிட்ஸ்பர்க்குக்கு 900, டவுன்ஷிப்புக்கு 300 டாலர். முழு ஆண்டையும் பிட்ஸ்பர்க் கணக்கிலேயே காட்டியிருந்தால் 1,800 போயிருக்கும். பெரும்பாலும் இந்தத் தவறு நிறுவனம் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்திலேயே தொடங்குகிறது. வீடு மாறியதும் குடியிருப்புச் சான்றுப் படிவத்தை நிறுவனத்திடம் புதுப்பிக்காவிட்டால், உள்ளூர் பெயருக்கான 20-ஆம் கட்டத்தில் பழைய ஊரே நிற்கும். அப்போது கைகொடுப்பது வீடு மாறிய நாளை ஒட்டிய சம்பளச் சீட்டு: அதுவரை ஈட்டிய மொத்தம் அதில் இருக்கும், அங்கேயே கணக்கைப் பிரித்துவிடலாம்.

திருத்தமும் இங்கே இரட்டை வேலை. 2008-இல் வந்த 32-ஆம் சட்டம், நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்த வசூலை 2012 முதல் 69 வசூல் மாவட்டங்களாகத் திரட்டியது. பிலடெல்பியா மட்டும் தனி. பழைய ஊரும் புது ஊரும் வேறு வேறு வசூல் மாவட்டமென்றால், பழைய இடத்துக்குத் திருத்திய படிவம், புது இடத்துக்கு விடுபட்ட மாதங்களுக்கான படிவம் என இரண்டு போக வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரியை வசூலிப்பவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. ஆனாலும் குடிமாறிய தேதியை இருவருக்கும் சொல்லும் பாரம் குடியிருப்பவர் மேல்தான் விழுகிறது.

எளிமையில் இந்தியானாவை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஜனவரி 2 அன்று குடிமாறியவரும், தான் விட்டுப்போன கவுன்டிக்கே ஆண்டு முழுவதும் கட்டுகிறார். புது ஊரின் சாலைக்கு அந்த ஆண்டு அவர் வருமான வரியிலிருந்து எதுவும் போவதில்லை. எனக்குப் பென்சில்வேனியாவின் முறைதான் நியாயமாகப் படுகிறது, படிவம் இரண்டானாலும். அங்கே திருத்துகிறவர் புது ஊரின் பாக்கியை முதலில் கட்டிவிடுவது நல்லது. தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் ஏறும். பழைய ஊரில் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கவோ, பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.