கள்ளும் மிதிவண்டியும்

பிரான்சு நாட்டில் ஓய்வு நாள்களை இனிது கழிக்க விரும்புவோர் திராட்சைத் தோட்டங்களை நாடிச் செல்வது வழக்கம். பாரிசிலிருந்து போர்தோ நகர் வரை புகைவண்டி. அங்கிருந்து சிற்றூர்களுக்கு மகிழுந்து. தோட்டங்களுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டி. சென்ற இடமெல்லாம் ஒரு வாய் மதுவைச் சுவைத்து, எந்த மண்ணில் விளைந்தது, எந்த ஆண்டில் பிழிந்தது என்று கேட்டறிந்து திரும்புவர். தமிழில் 'செலவு' என்னும் சொல் முதலில் பயணத்தையே குறித்தது. பொருள் கரைவது பின்னர் வந்த பொருள். இத்தகைய இன்பச் செலவுக்குப் பொருள் மட்டும் போதாது. ஒழிவான ஒரு நாள் வேண்டும். விரும்பிய ஊர்தியில் ஏறும் உரிமை வேண்டும். அருந்துவதை இழிவென எண்ணாத சமுதாயமும் வேண்டும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை இம்மூன்றாலும் அளந்து பார்த்தல் பயனுடையது.

மதுவின் சுவையறிதல் தமிழர்க்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பருகி மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, அம்மது வந்த இருகைச் சாடிகளின் உடைந்த ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. கடல் கடந்து வந்த அது வேந்தர்க்குரியதாயிற்று. எளியோர்க்கு உரியது கள். விடியலில் இறக்கிய கள் சில மணி நேரத்தில் தானே நொதித்து, மறுநாளுக்குள் புளித்துக் காடியாகிவிடும். திராட்சை மதுவைப்போல் சாடியில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்கவோ, தொலைவுக்கு அனுப்பவோ அக்காலத்தில் இயலாது. பாளை உள்ள இடத்திலேயே பருக வேண்டிய குடி அது. ஆகவே தமிழன் கள்ளைத் தேடிச் செல்லவில்லை; அவன் வேலை செய்த இடத்திற்கே கள்ளுக்கடை வந்தது.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கோயில் ஒருபுறம், கள்ளுக்கடை ஒருபுறம் என அமைந்திருந்தமை பலரும் அறிந்ததே. கூலியின் ஒரு பங்கு தோட்ட எல்லையைத் தாண்டாமலே கரைந்தது. சிங்கப்பூர் நகரிலும் அரசின் மேற்பார்வையில் கள்ளுக்கடைகள் நடந்தன. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் குடியை எதிர்த்துக் குரல் எழுப்பியது இந்நிலையைக் கண்டே.

இனி ஊர்திகளின் நிலை. 1903ஆம் ஆண்டின் முதல் நாளில் தேங்க் ரோட்டிலிருந்து புக்கித் தீமா வரை புகைவண்டி ஓடியது. அவ்வாண்டிலேயே உட்லண்ட்சு கரை வரை பாதை நீண்டது. அதற்கப்பால் நீரிணையைப் படகிலேயே கடக்க வேண்டும். 1923இல் ஜொகூர் பாலத்தின்மீது வண்டிகள் ஓடத் தொடங்கின. 1932 மே திங்களில் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பெற்றது. அதன் உயர்ந்த கூடத்தின் சுவர்களில் நெல் வேளாண்மை, வெள்ளீயச் சுரங்கம், இரப்பர் பால் வெட்டுதல் ஆகிய காட்சிகள் பெரும் ஓவியங்களாக விளங்கின. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் செல்வோர் அவற்றின்கீழ் நின்று பயணச்சீட்டுப் பெற்றனர். மலாயாவின் இருப்புப் பாதைகளுக்கு மண் வெட்டிச் சரளை பரப்பியவருள் தமிழர் மிகப் பலர். இன்பச் செலவுக்காக அவற்றில் ஏறியவருள் அத்தொழிலாளர் அரியர். மகிழுந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அது துரைமார்க்கும் செல்வர்க்கும் உரியதாய் இருந்தது. எஞ்சியது மிதிவண்டி. சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு தொழிலாளி வாங்கத்தக்க ஊர்தி அது ஒன்றே.

அதற்கும் ஒரு தடை இருந்தது. தோட்டத் துரையோ மேலாளரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும். சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்தம் கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்டிர்க்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு இரண்டு கோரிக்கைகள் உடன் நின்றன: தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். குடியையே பெரிதாக எண்ணுபவர் என்று இகழப்பட்ட மக்கள், தம் கடையைத் தாமே மூடச் சொன்னது ஊன்றி நோக்கத்தக்கது. ஊதியத்தை உயர்த்தக் கேட்டதினும் இவ்விரண்டையும் கேட்டதே ஆட்சியாளரை மிகுதியும் உறுத்தியிருக்க வேண்டும். தலைவர் ஆர். எச். நாதன் மே திங்களில் சிறைப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பெற்றார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அதன் வீரர்கள் தெற்கு நோக்கி விரைந்தது பெரிதும் மிதிவண்டிகளில் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. எவர் எதிரே தொழிலாளி இறங்கி நிற்க வேண்டியிருந்ததோ, அத்துரைமார் அம்மிதிவண்டிகளுக்கு முன் ஓடி ஒளிந்தனர். தொழிலாளிக்கோ அதனால் விடிவில்லை. சயாம்-பர்மா இருப்புப் பாதைக்கு ஆள் திரட்டியபோது, தோட்டத் தமிழர் சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பெற்றனர். நெடுந்தொலைவுப் புகைவண்டிப் பயணம் அவர்களுக்கு இவ்வாறுதான் வாய்த்தது. பல்லாயிரவர் திரும்பவில்லை.

சிங்கப்பூரில் அரசு நடத்திய கள்ளுக்கடைகள் மறைந்துவிட்டன. ஆயினும் ஒழிவு நாளும் குடியும் பற்றிய வினா முற்றும் மறையவில்லை. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிறன்று, லிட்டில் இந்தியாவில் பேருந்து விபத்தொன்றில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவ்வட்டாரத்தில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. உரிமம் பெற்ற உணவகத்துள் அமர்ந்து அருந்தத் தடையில்லை. அமைதி காக்கச் சட்டம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். எனினும் உணவக மேசைக்குப் பணம் உள்ளவர்க்கும் புல்தரையில் அமர்பவர்க்கும் அது ஒரே வகையாகத் தோன்றாது.

பழைய இருப்புப் பாதையில் 2011 சூன் 30ஆம் நாளோடு தஞ்சோங் பகாருக்கு வண்டிகள் வருவது நின்றது. தண்டவாளங்கள் பெரும்பாலும் பெயர்க்கப்பெற்று, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளப் பசும்பாதையாக அது உருமாறியது. புக்கித் தீமா நிலையம் செப்பனிடப்பெற்று 2022இல் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் அந்நிலையத்தருகே நின்று, இளைப்பாறி, மேலே செல்கின்றனர்.