ஈர்ப்பு விசைக்கு ஒரு சோதனை



ரிங்லெட் வட்டாரத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டுவது, பூமி அந்தக் கொழுந்தை இழுக்கும் விசையைத்தான். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் மலையிலிருந்து இறங்கி மின்சாரம் தருவதும் அதே விசையால்தான். இவ்வளவு பழகிய ஈர்ப்பு விசையின் அடிப்படை இயல்பு என்ன? அறிவியலாளர்களிடம் இன்னும் முடிவான பதில் இல்லை.

இந்த விசையை ஓர் அறைக்குள் கொண்டுவந்து அளந்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1797-98-இல் இலண்டனில், கம்பியில் தொங்கிய சிறு ஈயக் குண்டுகளை, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள இரு பெரிய குண்டுகள் இழுப்பதை அவர் அளந்தார். அதைக் கொண்டு பூமியின் சராசரி அடர்த்தியையே கணக்கிட்டார்.

பின்னர் 20-ஆம் நூற்றாண்டில் குவாண்டம் கோட்பாடு பிறந்தது. ஒரு நுண்துகள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் நிலையை அது அனுமதிக்கிறது. ஒளி, மின்சாரம், அணுக்கருவின் விசைகள் யாவும் இக்கோட்பாட்டுக்குள் அடங்கின. ஈர்ப்பு விசை மட்டும் ஐன்ஸ்டைன் 1915-இல் வகுத்த தனிப் பாதையில் நிற்கிறது.

1957-இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் மாநாட்டில் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு கேள்வியை எழுப்பினார். இரண்டு இடங்களில் இருக்கும் பொருளின் ஈர்ப்பும் அவ்வாறே இரு நிலைகளில் இருக்குமா? அதைச் சோதிக்கத் தெளிவான வழி கிடைக்க 60 ஆண்டுகள் ஆயின.

2016-இன் இறுதியில், பெங்களூரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையத்தில், இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பேராசிரியர் சௌகதோ போஸ் அப்படியொரு வழியை விளக்கினார். 2017 டிசம்பரில் சக ஆய்வாளர்களுடன் கட்டுரையாக வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் கியாரா மார்லெட்டோவும் விளாட்கோ வெட்ராலும் இதே கருத்தைத் தனியே வெளியிட்டனர்.

வழி இதுதான். இரண்டு நுண்ணிய வைரத் துகள்களை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்குமாறு செய்து, அருகருகே சில விநாடிகள் விழவிட வேண்டும். ஈர்ப்பைத் தவிர வேறெந்த விசையும் அவற்றை இணைக்கக் கூடாது. அப்படியும் இரண்டின் நிலைகளும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தால், ஈர்ப்பு விசையும் குவாண்டம் இயல்பு கொண்டதே என்கின்றனர் இவர்கள். இந்த முடிவை ஏற்கத் தயங்கும் அறிஞர்களும் உள்ளனர்.

சோதனை இன்னும் நடைபெறவில்லை. அது எளிதுமல்ல. 2019-இல் வியன்னாவில் இவ்வாறு இரு நிலைகளில் வைக்கப்பட்ட மூலக்கூறில் சுமார் 2,000 அணுக்களே இருந்தன. இங்கு தேவைப்படும் வைரத் துகளிலோ சுமார் 50,000 கோடி அணுக்கள்! எனினும் 2021-இல் அதே நகரில், 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தங்க உருண்டைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்துவிட்டனர்.

பிணைப்பு தெரிந்தால், பிரிந்து நிற்கும் இரு கோட்பாடுகளையும் இணைக்க முதல் சான்று கிடைக்கும். தெரியாவிட்டால், குவாண்டம் கோட்பாட்டுக்கே எல்லை உண்டோ என்று கேட்க வேண்டிவரும். இன்று இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வாளராகும் வயதிலும் இக்கேள்வி காத்திருக்கலாம். பெற்றோர்களே, இயற்பியல் கடினம் என்று அவர்களைத் தடுத்துவிடாதீர்கள்.