வயாம்பி மொழி: ஓர் ஆறும் இரண்டு எழுத்துமுறைகளும்

தென்னமெரிக்காவில் பிரேசிலின் அமாப்பா மாநிலத்திலும் பிரெஞ்சு கயானாவிலும் வழங்கும் வயாம்பி, துப்பி-குவரானிக் கிளையைச் சேர்ந்த மொழியாகும். இதனைப் பேசுவோர் இரு நாடுகளிலும் சேர்ந்து சில ஆயிரம் பேரே. ஆயினும் குழந்தைகள் இன்றும் இதையே முதன்மொழியாகக் கற்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஷிங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த இம்மக்கள், 18ஆம் நூற்றாண்டில் அமேசானைக் கடந்து வடக்கே பெயர்ந்து, ஒயாப்போக் ஆற்றின் தலைப்பகுதி வரை பரவினர். அந்த ஆற்றையே பிரேசிலுக்கும் பிரான்சுக்கும் எல்லையாக 1900ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்து நடுவர் தீர்ப்பு உறுதிசெய்தது. ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் இத்தீர்ப்பில் கலந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வெல்லை இன்று எழுத்திலும் புகுந்துள்ளது. இனப்பெயரிலுள்ள யகர ஒலியைப் பிரேசிலில் இலத்தீன் ‘ஜே’ எழுத்தாலும் கயானாவில் ‘ஒய்’ எழுத்தாலும் எழுதுகின்றனர். ஒலி ஒன்றாயிருப்பினும், அகராதி வரிசையில் இரண்டும் வெவ்வேறிடத்தில் அமைகின்றன. 1989இல் பிரான்சுவாஸ் கிரெனான் வெளியிட்ட வயாம்பி-பிரெஞ்சு அகராதி அரிய பணி. எனினும் பிரேசில் பகுதி ஆசிரியர் அதைப் பயன்படுத்த, எழுத்து, விளக்கமொழி ஆகிய இரு தடைகளையும் கடந்தாக வேண்டும். சட்டநிலையும் வேறானது. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசமைப்பு, பழங்குடியினர் தொடக்கக்கல்வியில் தம் தாய்மொழியைப் பயன்படுத்தும் உரிமையை உறுதிசெய்தது. பிரான்சோ 1992இல் குடியரசின் மொழி பிரெஞ்சு என அரசமைப்பில் எழுதிற்று. பிரான்சின் மொழிகளைத் தொகுத்த 1999ஆம் ஆண்டு செர்கிலினி அறிக்கையில் வயாம்பி இடம்பெற்றது. ஆனால் பட்டியலில் இடம்பெறுவது வேறு, உரிமை பெறுவது வேறு. 2003இல் யுனெஸ்கோ சிறப்பித்த வயாம்பி வாய்மொழி, வரைகலை மரபும் பிரேசிலின் பெயரிலேயே பதிவாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தமிழின் ‘நாம்’, ‘நாங்கள்’ போன்றே, துப்பி-குவரானி மொழிகளிலும் கேட்போரை உட்படுத்தும் தன்மைப் பன்மையும் உட்படுத்தாத பன்மையும் தனித்தனியே உள்ளன. முன்னது ‘யனே’, பின்னது ‘ஒரே’. பிரேசில் வயாம்பியரின் தொன்மக் கதைகளில் வரும் படைப்போன் ‘யனேயர்’, அதாவது ‘நம் உடையவர்’. போர்த்துக்கீசியத்திலும் பிரெஞ்சிலும் ‘நம்’, ‘எங்கள்’ இரண்டிற்கும் ஒரே சொல்லே உள்ளதால், கதையைக் கேட்பவரும் அவ்வுடைமையில் அடங்குவர் என்னும் பொருள் அங்கே புலப்படுவதில்லை. அம்மொழிகளின் வழியாக இக்கதைகளைத் தமிழாக்குவோர் ‘எங்கள் உடையவர்’ என எழுதிவிட நேரும். மூலத்தின் ஒட்டைப் பார்த்தாலன்றி அப்பிழை தெரியாது.